மஞ்சள் பனி

போன வாரம் ஓபி-யில ஒரு தங்கச்சி. கல்யாணமாகி ஏழு வருஷம், நாள் தள்ளிப்போயிருக்கு. கையில் சின்ன டப்பா, அதில் கொஞ்சம் யூரின். கார்டில் மூணு சொட்டு விட்டுட்டுக் காத்திருந்தோம். ரெண்டு கோடு வந்தது. அடுத்த பத்து நிமிஷம் அந்த அறையில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தோணின கேள்விதான் இந்த இழை. டப்பாவை நீட்டினால் வாங்கிக்கொண்டு போகிற மனுஷிக்கு இது சரி. மனுஷ வாசனை பட்டாலே மலையேறி ஓடிவிடுகிற ஒரு காட்டுக் குதிரை சினையாக இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கதை பெர்லினில் எலிகளோடு ஆரம்பித்து, அமெரிக்க மலைகளில் மஞ்சள் படிந்த பனியில் போய் நிற்கிறது. கொஞ்சம் நீளம். டீ எடுத்து வச்சுக்கோங்க.

முதல்ல, "பிடித்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள்.

நம்ம ஊர் மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் நீளக் கையுறை போட்டு, மலக்குடல் வழியாகக் கைவிட்டுப் பார்த்து "மூணு மாசச் சினை" என்று சொல்லிவிடுவார். காட்டு விலங்கைப் பிடிக்கத் துரத்தணும், இல்லை மயக்க ஊசி சுடணும். குதிரை, மான், மாடு மாதிரி குளம்புள்ள விலங்குகளைத் துரத்துவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கு. ஓட்டத்திலும் பயத்திலும் தசைகள் சிதைந்து, அதிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுத்து, விட்ட பிறகு சில நாள் கழித்துக்கூட அவை செத்துவிழும். நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர் ரெண்டு நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்று செய்தியில் படிப்போமே, கிட்டத்தட்ட அதே கதைதான். சினையோடு இருப்பதைத் துரத்தினால் குட்டியும் போகலாம். சினையா என்று தெரிந்துகொள்ளப் போய்ச் சினையையே கலைத்துவிட்டு வருவது என்ன பரிசோதனை?

ரெண்டாவது சிக்கல் எங்களுக்குப் பழக்கமானது. வீட்டில் 120 இருக்கிற ரத்த அழுத்தம் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் 150 ஆகிவிடும். விலங்கைப் பிடித்து ரத்தம் எடுத்து "இதுக்கு மன அழுத்தம் எவ்வளவு" என்று கார்டிசால் பார்த்தால், நீங்கள் அளப்பது பெரும்பாலும் நீங்கள் கொடுத்த அழுத்தத்தைத்தான். சில நிமிஷத்திலேயே அது ஏறிவிடும்.

இனி பெர்லின்.

1927-28இல் செல்மார் ஆஷ்ஹெய்ம், பெர்ன்ஹார்ட் ஸோண்டெக் என்ற ரெண்டு மருத்துவர்கள், கர்ப்பிணியின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். நாலைந்து நாள் கழித்து எலியை அறுத்துப் பார்த்தால் அதன் சினைப்பைகள் முதிர்ந்திருக்கும். அப்படி இருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். நம்பகமான முதல் கர்ப்பப் பரிசோதனை இதுதான். ஒவ்வொரு விடைக்கும் சில எலிகள் சாகணும் என்பதை விட்டுவிட்டால் அற்புதமான யோசனை. எலியின் சினைப்பையைத் தூண்டிய பொருள் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். அது நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது என்பது பிறகுதான் தெளிவானது. அந்தத் தங்கச்சியின் கார்டில் கோடு போட்டதும் அதே ஹார்மோன்தான்.

குதிரைக்கு இந்தச் சோதனை சரிப்படாது. சினைக்குதிரையின் ரத்தத்திலும் அதே வேலை செய்யும் ஒரு ஹார்மோன் உண்டு. 1930இல் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது ரத்தத்தோடு நின்றுவிடும், சிறுநீரில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. அதே 1930இல் ஸோண்டெக் வேறொன்றைக் கண்டார். சினைக்குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் கொட்டிக் கிடந்தது. மனுஷப் பெண்ணின் சிறுநீரில் இருப்பதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

ஏன் அவ்வளவு? காரணம் வயிற்றில் இருக்கும் குட்டி. சினைக்காலத்தின் நடுப்பகுதியில் குட்டியின் இனப்பெருக்கச் சுரப்பிகள் தாயின் சினைப்பையைவிடப் பெரிதாக வீங்குகின்றன, ஆண் குட்டியானாலும் பெண் குட்டியானாலும். அவை அனுப்பும் மூலப்பொருளை நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனாக மாற்றி, தாயின் ரத்தத்தில் விட, ஈரல் அதில் ஒரு கைப்பிடி ஒட்டித் தண்ணீரில் கரைய வைக்க, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அதாவது பெட்டைக் குதிரையின் மூத்திரத்தில் இருப்பது குட்டி போட்ட கையெழுத்து. இதை மனசில் வச்சுக்கோங்க.

1934இல் ஸோண்டெக் இன்னொரு விஷயம் எழுதினார். ஆண் குதிரையின் சிறுநீரிலும் ஈஸ்ட்ரோஜன் ஏராளம்! 'பெண் ஹார்மோன்' என்று பெயர் வைத்தவர்களுக்கு அது நல்ல அடி. அதை எழுதும்போது அவர் பெர்லினில் இல்லை. யூதர் என்பதால் 1933இல் வேலையிலிருந்து தூக்கப்பட்டு, ஸ்டாக்ஹோம் போய், அங்கிருந்து ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். ஆஷ்ஹெய்மும் யூதர்தான், அவர் பிரான்சுக்குப் போனார். பெர்லினுக்கு நஷ்டம்.

ஒரு சின்ன விலகல். 1942இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்காக ஒரு மாத்திரை வந்தது, பெயர் ப்ரெமரின். சினைக்குதிரையின் சிறுநீர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர்தான் அது. நிஜமாகவே அதிலிருந்துதான் எடுத்தார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான சீட்டுகளில் எழுதப்பட்ட மருந்து. எத்தனை பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும்?

அடுத்த தடை அளவு. எலியை வைத்து "இருக்கு, இல்லை" என்று சொல்லலாம். எவ்வளவு இருக்கு என்று கிராமில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி அளக்க முடியாது. அதைச் சாதித்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் வேலை பார்த்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் உடலில் அந்த இன்சுலினுக்கே எதிர்ப்பொருள் உருவாகிறது என்று 1955இல் எழுதி அனுப்பினார்கள். பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. அந்த நிராகரிப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் வாங்கியபோது தன் உரையிலேயே காட்டினார். (பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார். செத்தவருக்கு நோபல் கிடையாது.)

தத்துவம் எளிது. ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொஞ்சம் எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனையும் நோயாளியின் ஹார்மோனையும் அதற்காகப் போட்டிபோட விடணும். நோயாளியுடையது அதிகமிருந்தால் கதிரியக்கமுள்ளது வெளியே நிற்கும். எவ்வளவு வெளியே நிற்கிறது என்று எண்ணினால் விடை. ஈஸ்ட்ரோஜன் மாதிரி சின்ன மூலக்கூறுகளுக்கும் 1960களின் கடைசியில் இது கைவந்தது.

இந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு விலங்கு பக்கம் போனவர்கள் சான் டியேகோ விலங்குக்காட்சி சாலைக்காரர்கள். 1975இல் அங்கே ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கியவர் கர்ட் பெனிர்ஷ்கே. எங்கள் ஆள், மருத்துவர். மனுஷ நஞ்சுக்கொடி நோய்களில் உலகமறிந்த பெயர். அங்கே பில் லாஸ்லி குழுவினர் தீர்த்த ஆரம்பப் பிரச்சினைகளில் ஒன்று வேடிக்கையானது: பல பறவைகளில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. ஜோடி சேர்த்து வச்சுட்டு முட்டைக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள், கடைசியில் ரெண்டும் ஆண் என்று தெரியும். எச்சத்தில் இருக்கும் ஹார்மோன்களை அளந்து எது ஆண், எது பெண் என்று சொன்னார்கள். 1980களில் ஒகாபி, ஒட்டகச்சிவிங்கி, இந்தியக் காண்டாமிருகம் என்று குளம்புக் கூட்டத்துக்கு வந்தார்கள். கூண்டுத் தரையிலிருந்து சிறுநீரை எடுத்து, ஒரு பெட்டை எப்போது பருவத்துக்கு வருகிறது, எப்போது சினை என்று வரைபடமே போட்டார்கள்.

கூண்டுக்குள் சரி. காட்டில்?

இங்கே வருகிறார் ஜே கர்க்பாட்ரிக். மொன்டானா மாநிலம் பில்லிங்ஸ் ஊரில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆசிரியர். 1971இல் அமெரிக்கா காட்டுக் குதிரைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் குவித்த கடிதங்கள் அந்த நாட்டில் இன்றும் பேசப்படும் கதை. சட்டம் வந்ததும் சுட்டுக் கொல்வதும் பிடித்து விற்பதும் நின்றது, எண்ணிக்கை ஏறியது. புல் அவ்வளவேதான். அரசு நில நிர்வாகத்துறை ஆட்கள் கர்க்பாட்ரிக்கிடம் வந்து, இவற்றுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கேள்வியோடுதான் இருந்தார் மனுஷன்.

குடும்பக் கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று தெரிய, முதலில் யார் சினை என்று தெரியணும். வசந்தத்தில் குட்டியை எண்ணினால் போதாதா? போதாது. குட்டி இல்லாத குதிரை ஒன்று நிற்கிறது. அது சினையே பிடிக்கவில்லையா? பிடித்துக் கலைந்ததா? ஈன்ற குட்டியை இழந்ததா? மூன்றும் வேறு வேறு நோய். மூன்றுக்கும் வெளியே தெரிவது ஒரே காட்சி, வெறும் மடி.

அதனால் கர்க்பாட்ரிக்கும் நண்பர்களும் குதிரைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். எந்தப் பெட்டை எங்கே சிறுநீர் கழிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அது நகர்ந்ததும் அந்த இடத்துக்குப் போய் ஈரமண்ணைத் தோண்டி எடுத்தார்கள். குளிர்காலத்தில் இன்னும் வசதி. வெள்ளைப் பனியில் மஞ்சள் திட்டு கண்ணைப் பறிக்கும். அள்ளி டப்பாவில் போட்டு உருக்கினால் ஆச்சு. ஆனா சீக்கிரம் போகணும். பெட்டை போன இடத்தில் ஆண் குதிரை வந்து மோந்து பார்த்து, தானும் அதன் மேலேயே கழித்துவிட்டுப் போகும், அதுக்கு அது ஒரு அதிகாரப் பத்திரம். 1934இல் ஸோண்டெக் சொன்னது ஞாபகமிருக்கா? ஆண் குதிரையின் சிறுநீரிலும் ஈஸ்ட்ரோஜன் கொட்டும். ரெண்டும் கலந்தால் கணக்கு கோவிந்தா.

சரி, பனியில் எவ்வளவு சிறுநீர், எவ்வளவு தண்ணீர்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நீங்க சர்க்கரை நோயாளியா இருந்தா, யூரினில் ஆல்புமின் பார்க்கும்போது கூடவே கிரியாட்டினினும் பார்ப்பதைக் கவனிச்சிருப்பீங்க. காலையில் நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் யூரின் நீர்த்திருக்கும், ஆல்புமின் குறைவாகக் காட்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து ஏறக்குறைய ஒரே சீராக வெளியேறுவது, அதுவும் அதே அளவு நீர்த்திருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தண்ணீரின் கணக்கு அடிபட்டுப் போகும். கர்க்பாட்ரிக் குழுவினர் செய்ததும் அதே வகுத்தல்தான். பனி கலந்து அஞ்சு மடங்கு நீர்த்தால் ஈஸ்ட்ரோஜனும் அஞ்சில் ஒன்று, கிரியாட்டினினும் அஞ்சில் ஒன்று. விகிதம் அசையாது.

பிடிக்காத காட்டுக் குதிரையின் சினையைச் சிறுநீரிலிருந்து சொல்லலாம் என்று 1988இல் எழுதினார்கள். 1990இல் பனியில் ஊறிய சிறுநீரும் லத்தியும் போதும் என்று எழுதினார்கள். (மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்கும் மானுக்கும் புழுக்கை, குதிரைக்கும் யானைக்கும் லத்தி. இதுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் மொழியில் இதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை.)

அதே 1988இல் கிழக்குக் கடற்கரையில் அசாடீக் தீவின் 26 பெட்டைக் குதிரைகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசியைத் தூரத்திலிருந்து அம்பாகச் சுட்டார்கள். பன்றியின் சினைமுட்டை உறையிலிருந்து எடுத்த புரதம். குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்யும்போது, தன் முட்டையின் உறையையும் மறைத்துவிடும், விந்தணு ஒட்ட முடியாது. ஊசியும் தூரத்திலிருந்து, சோதனையும் தூரத்திலிருந்து, யாரும் யாரையும் தொடவில்லை. தீவில் அது நன்றாகவே வேலை செய்தது. மேற்கின் பரந்த மலைகளில் அப்படி இல்லை. திரும்பத் திரும்ப ஊசி போடணும், ஒவ்வொரு குதிரையின் அருகிலும் போகணும். 2020இல் அரசு மதிப்பீட்டுப்படி அங்கே ஏறக்குறைய 95,000 காட்டுக் குதிரைகளும் கழுதைகளும். ஹெலிகாப்டரில் துரத்திப் பிடிப்பது இன்னும் நடக்கிறது. கர்க்பாட்ரிக் 2015 டிசம்பரில் காலமானார்.

இடையில் அவர் யெல்லோஸ்டோனில் பைசன் பக்கமும் போனார். அங்கே பிரச்சினை புருசெல்லோசிஸ், மாடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி. காய்ச்சாத பால் குடித்துவிட்டு வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று நம்மிடமும் வருவார்கள். அந்தக் கிருமியோடு பூங்காவை விட்டு வெளியே வந்தன என்று 1988-89 குளிர்காலத்தில் மட்டும் 500க்கும் மேற்பட்ட பைசன்களைச் சுட்டார்கள். சுடப்படும் மந்தையில் எத்தனை சினை, எத்தனை குட்டி நிலைக்கிறது என்று தெரியாமல் எதை முடிவு செய்வது? ஒரு டன் எடைக்குக் கிட்டே வளரும் விலங்கு. கைவிட்டுப் பார்க்க யாரும் முன்வர மாட்டார்கள். அங்கேயும் சிறுநீரும் சாணியும்தான் பேசின.

இதுவரைக்கும் கேள்வி சுலபம்: சினையா, இல்லையா. கார்டிசாலுக்கு வரும்போதுதான் சிக்கல்.

சாணத்தில் கார்டிசாலாகவே கார்டிசால் கிட்டத்தட்ட இருப்பதில்லை. ஈரல் உடைத்து, பித்தத்தில் விட்டு, குடல் பாக்டீரியா மேலும் பிய்த்துப்போட்ட துண்டுகள்தான் வரும். அந்தத் துண்டுகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை 1990களில் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ரூபர்ட் பால்மே, எரிக் மோஸ்டல் ஆகியோர் உருவாக்கினார்கள். அது சரியா என்று சோதிக்கும் முறை எங்களுடையதேதான்: அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஊசி போட்டு, கார்டிசால் ஏறுகிறதா பார். நாங்கள் ரத்தத்தில் அரை மணியில் பார்ப்போம், அவர்கள் சாணத்துக்காகக் காத்திருக்கணும். செம்மறியாட்டில் அரை நாள், குதிரையில் ஒரு நாள். அதாவது குதிரை லத்தியில் தெரிவது நேற்றைய பதற்றம். எடுத்ததை உடனே உறையவைக்கவும் வேணும், இல்லாட்டி பாக்டீரியா வெளியே வந்த பிறகும் தன் வேலையைத் தொடரும்.

2002இல் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிரீல் குழு யெல்லோஸ்டோனில் எல்க் மான் புழுக்கைகளை அளந்து, சுற்றுலாப் பனிவண்டிகள் அதிகமான நாட்களில் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது என்று காட்டியது. பனிவண்டிகளுக்குத் தடை போடலாமா கூடாதா என்று நீதிமன்றத்தில் அடிதடி நடந்த காலம் அது. ரெண்டு கட்சிக்கும் வேணும் என்கிற மாதிரி விடை வந்தது: ஹார்மோன் ஏறுகிறது, ஆனால் மான்களின் எண்ணிக்கை குறைவதாகத் தெரியவில்லை. கார்டிசால் ஏறுவது நோய் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் ஏறும்.

அப்புறம் ஓநாய். 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து யெல்லோஸ்டோனில் விட்டார்கள். வடக்கு மந்தையில் 1990களின் நடுவில் ஏறக்குறைய 19,000 எல்க் இருந்தன, 2013இல் 4,000க்கும் கீழே. வேட்டைக்காரர்களுக்குக் கோபம், சூழலியலாளர்களுக்குக் குழப்பம். ஓநாய் தின்றது மட்டுமே காரணமா? கரடி, வேட்டை, வறட்சி எல்லாம் இருந்தது. 2007இல் கிரீல் குழு இன்னொரு காரணம் சொன்னது: ஓநாய் அதிகமுள்ள இடத்துப் பெட்டைகளின் புழுக்கையில் புரோஜெஸ்டிரோன் குறைவு, அடுத்த வருஷம் கன்றுகளும் குறைவு. ஓநாய் பல்லே படாமல், இருப்பதாலேயே கன்றுகளைக் குறைக்கிறது!

படித்ததும் எல்லாரும், நானும்தான், "பயம், அழுத்தம், அதனால் கரு தங்கவில்லை" என்று கதை முடித்துவிடுவோம். குழந்தை இல்லாத தம்பதிகளிடம் உறவுக்காரர்கள் சொல்வதும் இதேதானே, "டென்ஷன் ஆகாதே, தானா தங்கும்". 2009இல் கிரீல் குழுவே அதைச் சோதித்தது. ஓநாய் எண்ணிக்கைக்கும் அழுத்த ஹார்மோனுக்கும் தொடர்பே இல்லை! அவர்கள் அப்போது சொன்ன விளக்கம் சோறு சம்பந்தப்பட்டது. ஓநாய்க்கு ஒதுங்கிப் புல்வெளியை விட்டு மரநிழலுக்குள் போகிற மான் நல்ல புல்லை இழக்கிறது.

அதையும் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்து ரத்தம் பார்த்த பெட்டைகளில், நடுவயதுக்காரிகளின் சினை விகிதம் ஓநாய் வந்த பிறகும் உயரமாகவே இருக்கிறது என்று 2011இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் பி.ஜே. வைட், ராபர்ட் கேரட் முதலானோர் எழுதினார்கள். எனக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு. பனியில் கிடக்கும் புழுக்கையில் வயசு எழுதியிருக்காது. கிழட்டுப் பெட்டைகளும் கன்னி மான்களும் அதிகம் கலந்தால் சராசரி தானாக இறங்கும்.

வேடிக்கை என்னன்னா, ஒரே ஒரு புழுக்கை மாதிரியை வைத்து எல்க் சினையா என்று சொல்லும் முறையை 1998இல் கொண்டுவந்த குழுவின் தலைவர் இதே கேரட்தான். 2002 பனிவண்டிக் கட்டுரையில் கிரீலோடு கூட்டாக எழுதியவரும் அவர்தான். ரெண்டு பேரும் போஸ்மன் ஊரில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை.

அந்தத் தங்கச்சி நேத்து முதல் ஸ்கேனுக்கு வந்தாங்க. துடிப்பு இருக்கு. கேள்வி இருந்தா கீழே போடுங்க, சாயங்கால ஓபி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.